24 விநாடி வந்த வருடம்: கூடைப்பந்து கேள்வி–பதில்

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 1954–55 சீசனைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது அந்த சீசனில்தான். அந்த நேரத்தை எண்ணுவதுதான் 24 விநாடிக் கடிகாரம், அதாவது ஷாட் கிளாக்.

‘24 விநாடிக் கடிகாரம்தான் என்.பி.ஏ.வைக் காப்பாற்றியது’ என்கிறார்கள். அதற்கு முன் அப்படி என்னதான் கெட்டுப்போயிருந்தது?

முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கூடையை நோக்கி எறியாமல் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தினால், அதைத் தடுக்க விதி எதுவும் கிடையாது. இதன் உச்சம் 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸில் நடந்தது. ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. இது ஒரு கால் பகுதியின் ஸ்கோர் அல்ல, முழு ஆட்டத்தின் ஸ்கோர். இரண்டு அணிகளும் சேர்ந்து 48 நிமிடத்தில் களத்திலிருந்து போட்ட கூடைகள் வெறும் 8. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 ஜார்ஜ் மைக்கன் ஒருவர் எடுத்தது. நான்காவது கால் பகுதியில் பிஸ்டன்ஸ் 3, லேக்கர்ஸ் 1.

பிஸ்டன்ஸ் தரப்பைக் குறை சொல்லவும் முடியாது. உயரமான மைக்கனை அவருடைய அணியின் சொந்த அரங்கிலேயே, நேருக்கு நேர் ஆடி ஜெயிப்பது கடினம். பந்து அவர் கைக்குப் போகாமல் இருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? விதிக்கு உட்பட்ட, புத்திசாலித்தனமான திட்டம்தான். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பின்தங்கிய அணி பந்தைப் பறிக்க ஒரே வழி ஃபவுல் செய்வது, அதாவது எதிராளியை இடித்தோ பிடித்தோ விதியை மீறுவது. 1953 மார்ச் 21 அன்று பாஸ்டன் செல்டிக்ஸும் சிரக்யூஸ் நேஷனல்ஸும் மோதிய பிளே-ஆஃப் (வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டம் நான்கு கூடுதல் நேரங்கள் வரை நீண்டது. பாஸ்டன் 111–105 என்று வென்றது. அதில் கூப்பிடப்பட்ட ஃபவுல்கள் 106. பாஸ்டனின் பாப் கௌஸி 50 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை, அதாவது ஃபவுலுக்கு ஈடாக, தடுப்பார் இல்லாமல் கோட்டில் நின்று எறியும் ஒரு புள்ளி எறிகளில். எண்ணிக்கையாகப் படிக்கும்போது பிரமாதமாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது விசில் சத்தமும் வரிசையில் நிற்பதும்தான்.

ஏன் 24? 20, 25, 30 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே?

வகுத்தல் கணக்கு. கடைசிவரை இழுபறியாக, இரு பக்கமும் தாராளமாக ஆடிய ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் சுமார் 60 முறை கூடைக்கு எறிவதாக சிரக்யூஸ் அணி உரிமையாளர் டேனி பியாசோன் கணக்குப் பார்த்தார். இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24.

இந்த 24 என்பது சராசரி வேகம் அல்ல, குறைந்தபட்ச வேகம். 1954–55இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 86 முறை எறிந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து 172 என்றால், கிட்டத்தட்ட 17 விநாடிக்கு ஓர் எறி. ஆக, 24 விநாடி போதவில்லை என்று யாரும் மூச்சுத் திணறவில்லை. 1954 ஆகஸ்டில் சிரக்யூஸில் ஒரு பள்ளி உள்ளரங்கில் கடிகாரத்தை வைத்து ஒத்திகை ஆட்டம் நடந்தபோது வீரர்கள் பதற்றத்தில் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எறிந்தார்கள். நிதானமாக ஆடுங்கள், நேரம் தாராளமாக இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. புதிதாக ஷாட் கிளாக் வைத்து ஆடும் எந்த அணிக்கும் முதல் சில ஆட்டங்களில் இதே வியாதி வரும்.

கண்டுபிடித்தவர் பியாசோன் மட்டும்தானா? லியோ ஃபெரிஸ் என்றும் ஒரு பெயர் அடிபடுகிறதே?

இருவருக்கும் பங்கு உண்டு. பியாசோன் இத்தாலியில் பிறந்தவர், சிரக்யூஸில் பௌலிங் விளையாட்டுக்கூடம் நடத்தியவர், நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர். ஃபெரிஸ் அதே அணியின் பொது மேலாளர். எண்ணைக் கணக்கிட்டதில் ஃபெரிஸின் கை இருந்தது என்பதற்கு ஆதரவாகப் பேசுவோர் பலர். மற்ற உரிமையாளர்களிடம் விடாமல் வாதாடி விதியை ஏற்கச் செய்தவர் பியாசோன். அவர் 1992இல் காலமானார், 2000இல் நைஸ்மித் கூடைப்பந்து புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். சிரக்யூஸின் ஆர்மரி சதுக்கத்தில் 24இலிருந்து கீழிறங்கி எண்ணும் கடிகாரம் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது.

ஷாட் கிளாக் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த சீசனைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக விட்டுவிடுவது இங்கேதான். அதே 1954இல் இன்னொரு விதியும் வந்தது. ஒரு கால் பகுதியில் ஓர் அணிக்கு 6 ஃபவுல் வரைதான் சாதாரணக் கணக்கு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கூடுதல். இது இல்லாமல் கடிகாரம் மட்டும் வந்திருந்தால் ஆறே மாதத்தில் அதைத் தோற்கடித்திருப்பார்கள் என்பது எங்கள் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1953–54இல் களத்திலிருந்து எறிந்தவற்றில் சுமார் 37 சதவீதம் கூடையில் விழுந்தது. ஒரு கூடைக்கு 2 புள்ளி என்பதால் ஒரு எறியின் மதிப்பு சுமார் 0.74 புள்ளி. ஃப்ரீ த்ரோவில் சுமார் 71 சதவீதம் விழுந்தது, அதன் மதிப்பு 0.71. எறியும் செயலில் இல்லாத வீரரை ஃபவுல் செய்தால் அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. அதாவது எதிரியை எறியவிடுவதும், இடித்துத் தள்ளி ஒரு ஃப்ரீ த்ரோ கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே விலை. ஃபவுல் செய்தால் கூடவே இன்னொரு லாபம்: ஃப்ரீ த்ரோ முடிந்ததும் பந்து நம் கைக்கு வரும், இரண்டு புள்ளிக்கு முயலலாம். பின்தங்கிய அணிக்கு ஃபவுல் என்பது தண்டனை அல்ல, வியாபாரம்.

முன்பே சில ஒட்டுப்போடும் வேலைகள் நடந்தன. ஆட்டத்தின் கடைசி சில நிமிடங்களில் ஃப்ரீ த்ரோ விழுந்தாலும் பந்தைக் கொடுக்காமல் ஜம்ப் பால் (நடுவர் மேலே எறியும் பந்தை இரு அணி வீரர்களும் எம்பித் தட்டுவது) போடுவது அவற்றில் ஒன்று. நோய் கடைசி மூன்று நிமிடத்திலிருந்து அதற்கு முந்தைய மூன்று நிமிடத்துக்கு நகர்ந்ததே தவிர, தீரவில்லை. கால் பகுதி முழுவதற்குமான ஃபவுல் எல்லை வந்தபிறகு, ஏழாவது ஃபவுலின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் 1.4 புள்ளிக்கு மேல். அதற்குப் பதிலாக எதிரியை எறியவிடுவதே மேல் என்று பயிற்சியாளர்களுக்குப் புரிந்தது.

கடிகாரம் முன்னிலையில் இருப்பவரை ஆடவைத்தது. ஃபவுல் எல்லை பின்னால் இருப்பவரை ஆடவைத்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று நின்றிருக்காது.

புள்ளிகள் உண்மையில் எவ்வளவு ஏறின?

ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சராசரி 79.5இலிருந்து 93.1 ஆனது. கூடுதலான 13.6 புள்ளிகளில் 10க்குச் சற்று மேல் களத்திலிருந்து வந்தது, 3 சொச்சம் ஃப்ரீ த்ரோவிலிருந்து. எறிகள் 75இலிருந்து 86 ஆகவும், துல்லியம் 37.2 சதவீதத்திலிருந்து 38.5 ஆகவும் உயர்ந்தன. அவசரமாக எறிந்தால் குறி தவறும் என்று பயந்தவர்களுக்கு இந்தக் கடைசி எண் நல்ல பதில். முன்பு நின்று இழுத்து இழுத்து எறிந்ததைவிட, ஓடிப் போய்த் தடுப்பு அமைவதற்குள் எறிந்தது அதிகம் விழுந்தது.

ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளும் ஆட்டத்துக்கு 33இலிருந்து 36 ஆகக் கூடின என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபவுல் ஒழிந்துவிட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஃபவுலால் நேரத்தை ஓட்டும் பழக்கம்தான் ஒழிந்தது.

எல்லா ஆட்டமும் புள்ளி மழை என்றும் நினைக்க வேண்டாம். 1955 பிப்ரவரி 27 அன்று பிராவிடன்ஸ் நகரில் பாஸ்டன் 62, மில்வாக்கி ஹாக்ஸ் 57. ஷாட் கிளாக் வந்தபிறகு இரு அணிகளும் சேர்ந்து எடுத்த மிகக் குறைந்த புள்ளிகள் இவை, 119. அந்த சீசனில் சராசரியாக 100ஐத் தாண்டிய முதல் அணி என்ற பெயரை வாங்கிய பாஸ்டன்தான் இதிலும் ஆடியது என்பது வேடிக்கை.

புதிய விதியில் நடந்த முதல் ஆட்டம் எது?

1954 அக்டோபர் 30. ராச்செஸ்டர் ராயல்ஸ் 98, பாஸ்டன் செல்டிக்ஸ் 95.

அந்த சீசனில் ஆடியவை 8 அணிகளா, 9 அணிகளா? ஒவ்வொரு பட்டியலில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

தொடங்கியது 9, முடித்தது 8. பால்டிமோர் புல்லட்ஸ் 14 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 தோல்வி என்ற நிலையில் 1954 நவம்பர் 27 அன்று கடையைக் கட்டியது. அந்த 14 ஆட்டங்களும் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. அதனால் பால்டிமோரை வென்ற அணிகளுக்கு அந்த வெற்றி கணக்கில் இல்லை, தோற்ற அணிகளுக்குத் தோல்வியும் இல்லை. அந்த நாட்களின் செய்தித்தாளில் உள்ள வெற்றி–தோல்விக் கணக்கையும் இறுதிப் பட்டியலையும் ஒப்பிட்டால் இடிப்பதற்கு இதுதான் காரணம்.

இறுதி நிலை இப்படி. கிழக்கில் சிரக்யூஸ் 43–29, நியூயார்க் 38–34, பாஸ்டன் 36–36, பிலடெல்ஃபியா 33–39. மேற்கில் ஃபோர்ட் வெயின் 43–29, மினியாபொலிஸ் 40–32, ராச்செஸ்டர் 29–43, மில்வாக்கி 26–46. வெற்றிகளைக் கூட்டினால் 288, தோல்விகளைக் கூட்டினாலும் 288. எங்காவது கிடைக்கும் பட்டியல் சரியா என்று பார்க்க இந்தக் கூட்டல் போதும். பால்டிமோரின் ஆட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கு 72 ஆட்டத்தில் நிற்காது.

கலைந்த அணியின் வீரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஆண்டு வீரர் தேர்வில் முதலாவதாக பால்டிமோர் எடுத்த ஃபிராங்க் செல்வி இப்படித்தான் மில்வாக்கிக்குப் போனார். பிற்காலத்தில் வாஷிங்டனுக்கு இடம் மாறிய பால்டிமோர் புல்லட்ஸ் வேறு அணி, பெயர் மட்டும்தான் ஒன்று. கலைந்த பழைய புல்லட்ஸ் 1948இல் கோப்பை வென்ற அணி. அதன்பிறகு எந்த என்.பி.ஏ. அணியும் ஒரேயடியாக மூடப்படவில்லை.

அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலில் 21.2 சராசரி உள்ள கௌஸிக்கு மேலே 21.0 உள்ள பால் அரிசின் இருக்கிறார். அச்சுப்பிழையா?

இல்லை. அப்போது வரிசை சராசரியை வைத்து அல்ல, மொத்தப் புள்ளியை வைத்து. அரிசின் 72 ஆட்டத்தில் 1,512. கௌஸி ஓர் ஆட்டம் குறைவாக, 71இல் 1,504. எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் அரிசின் இரண்டாமிடம். முதலிடம் நீல் ஜான்ஸ்டன், 1,631 புள்ளி, சராசரி 22.7. சராசரியை வைத்து வரிசைப்படுத்தும் முறை 1969–70 சீசனில்தான் வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எதை வைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஜான்ஸ்டன், அரிசின் இருவருமே பிலடெல்ஃபியா வாரியர்ஸ். முதல் இரண்டு இடமும் கையில் இருந்தும் அந்த அணி ஏன் கிழக்கில் கடைசி?

ஓர் அணியில் ஐந்து பேர் ஆட வேண்டியிருக்கிறதே! இருவரை மட்டும் நம்பிய அணிக்கு அடுத்த கோடையில் டாம் கோலா வந்து சேர்ந்தார். பந்தைப் பகிர்வது, பிடிப்பது, தடுப்பது என எல்லாம் தெரிந்தவர். 1955–56இல் அதே வாரியர்ஸ் கோப்பையே வென்றது.

பாஸ்டனின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ரெட் அவர்பாக் பயிற்சியில் ஆட்டத்துக்குச் சராசரி 101.4 புள்ளி. கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவே, அதனால்தான் 36–36. கௌஸியும் பில் ஷார்மனும் முன்னால் எவ்வளவு அடித்தாலும், பின்னால் கூடையடியில் தடுக்க ஆள் இல்லை. பில் ரஸல் வரும்வரை, அதாவது 1956 வரை, அந்த ஓட்டை அடைபடவில்லை.

மைக்கன் இல்லாத லேக்கர்ஸ் என்ன ஆனது?

1952, 1953, 1954 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற அணி. மைக்கன் 1954 சீசன் தொடங்கும் முன்பே ஓய்வு பெற்றார். அவர் இல்லாமலும் 40–32 என்று இரண்டாமிடம் பிடித்தது கௌரவமான ஆட்டம்தான். அடுத்த சீசனில் திரும்பிவந்து 37 ஆட்டம் ஆடினார், ஆனால் பழைய மைக்கன் இல்லை.

நடுவராக இருந்தவரையே பயிற்சியாளர் ஆக்கினார்களாமே?

ஆம். ஃபோர்ட் வெயின் உரிமையாளர் ஃபிரெட் ஸால்னர், என்.பி.ஏ. நடுவராக இருந்த சார்லி எக்மனை நேரே பயிற்சியாளராக உட்காரவைத்தார். முதல் வருடமே மேற்கில் முதலிடம், இறுதிப் போட்டி. புதிய விதிகளின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. பந்தைப் பிடித்துவைத்து 19–18 என்று ஜெயித்த அதே பிஸ்டன்ஸ், பிடித்துவைக்க முடியாத முதல் சீசனிலேயே இறுதிவரை வந்தது என்பதையும் கவனியுங்கள்.

பிளே-ஆஃப் எப்படி நடந்தது?

ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகளுக்கு இடம். முதலிடத்துக்கு முதல் சுற்று ஓய்வு. இரண்டாம், மூன்றாம் இடங்கள் மூன்று ஆட்டத் தொடரில் மோதின: பாஸ்டன் நியூயார்க்கை 2–1, மினியாபொலிஸ் ராச்செஸ்டரை 2–1. பிறகு ஐந்து ஆட்டத் தொடர்: சிரக்யூஸ் பாஸ்டனை 3–1, ஃபோர்ட் வெயின் மினியாபொலிஸை 3–1. இறுதிப் போட்டி ஏழு ஆட்டத் தொடர். எட்டில் ஆறு அணிகளுக்கு இடம் என்பதால் 29–43 வைத்திருந்த ராச்செஸ்டரும் உள்ளே வந்துவிட்டது. நாளைக்கு இப்படி ஒரு லீக் யாராவது நடத்தினால் 72 ஆட்டம் எதற்கு என்று கேட்பார்கள்.

இறுதிப் போட்டியின் நடு ஆட்டங்கள் ஃபோர்ட் வெயினில் நடக்காமல் இண்டியானாபொலிஸில் நடந்தது ஏன்? ஏழாவது ஆட்டத்தையும் விளக்க முடியுமா?

ஃபோர்ட் வெயின் அரங்கத்தை ஒரு பௌலிங் போட்டிக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். அந்த அணி இறுதிவரை வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். மூன்று, நான்கு, ஐந்தாவது ஆட்டங்களை இண்டியானாபொலிஸுக்கு மாற்றினார்கள். எதிரணி உரிமையாளர் பியாசோனோ பௌலிங் கூடம் நடத்துபவர். இதற்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்தத் தொடரில் உள்ளூர் அணியாக எழுதப்பட்ட அணியே ஏழு ஆட்டத்திலும் வென்றது. சிரக்யூஸில் நேஷனல்ஸுக்கு 86–82, 87–84. இண்டியானாபொலிஸில் பிஸ்டன்ஸுக்கு 96–89, 109–102, 74–71. மறுபடி சிரக்யூஸில் நேஷனல்ஸுக்கு 109–104.

1955 ஏப்ரல் 10, ஏழாவது ஆட்டம். இரண்டாவது கால் பகுதியில் பிஸ்டன்ஸ் 41–24 என்று 17 புள்ளி முன்னிலை. இதற்கு ஒரு வருடம் முன்பு இந்த நிலை வந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பந்தை நன்றாகக் கையாளும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சுற்றிவரச் சொல்லியிருப்பார்கள். இப்போது 24 விநாடிக்கு ஒருமுறை எறிந்தே ஆகவேண்டும். தவறியதை எடுத்துக்கொண்டு நேஷனல்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. டால்ஃப் ஷேய்ஸ், பால் செய்மர், ரெட் ரோச்சா, புதுமுகம் ஜானி கெர் என்று பலரும் புள்ளி எடுக்கத் தெரிந்த அணி, பயிற்சியாளர் ஆல் செர்வி. ஒருவரை அடைத்தால் இன்னொருவர் எடுப்பார்.

ஆட்டம் முடிய 12 விநாடி இருக்கும்போது 91–91. ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டு 92–91 ஆக்கினார். பந்து பிஸ்டன்ஸிடம். ஆண்டி ஃபிலிப் கையிலிருந்த பந்தை அதே கிங் பறித்தார். பிஸ்டன்ஸுக்குக் கடைசி எறி கிடைக்கவே இல்லை.

விதியைக் கொண்டுவந்தவரின் அணியே அந்த விதி வந்த முதல் வருடம், அந்த விதி இல்லாவிட்டால் மீண்டிருக்க முடியாத ஆட்டத்தில் கோப்பை வாங்கியது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள், 17 புள்ளி பின்தங்குவதை யாரும் ஏற்பாடு செய்வதில்லை.

அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர் விருது யாருக்கு?

அந்த விருதே இல்லை, அடுத்த சீசனில்தான் தொடங்கியது. சிறந்த புதுமுகம் மில்வாக்கியின் பாப் பெட்டிட், சராசரி 20.4 புள்ளி. நியூயார்க்கில் நடந்த, இரு பிரிவுகளின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் கிழக்கு 100–91 என்று வென்றது, அதில் சிறந்த வீரர் பில் ஷார்மன்.

நேஷனல்ஸ் வெற்றியில் ஏர்ல் லாய்டின் இடம் என்ன?

என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர் அவர். 1950 அக்டோபர் 31, வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காக. அந்த அணி சில மாதங்களில் கலைந்தது, பிறகு சிரக்யூஸுக்கு வந்தார். 1954–55இல் ஆட்டத்துக்குச் சுமார் 10 புள்ளி எடுத்தார். ஆனால் அவருடைய வேலை எதிரணியின் முக்கிய ஆளைத் தடுப்பது, அது பட்டியலில் தெரியாது. அவரும் ஜிம் டக்கரும்தான் கோப்பை வென்ற முதல் கறுப்பின என்.பி.ஏ. வீரர்கள்.

டக்கரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1955 பிப்ரவரி 20 அன்று நியூயார்க்குக்கு எதிராக 17 நிமிடத்தில் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போட உதவிய பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டார். அதைவிடக் குறைந்த நேரத்தில் செய்ய 2018இல் நிக்கோலா யோக்கிச் வரவேண்டியிருந்தது.

பழைய ஸ்கோர் தாளில் ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியைக் கையால் தடுப்பது) கட்டமே இல்லையே. யாரோ கிழித்துவிட்டார்களா?

எழுதவே இல்லை. ரீபவுண்ட் 1950–51இலிருந்தும், ஆடிய நிமிடங்கள் 1951–52இலிருந்தும்தான் உண்டு. ஸ்டீல், பிளாக், தாக்குதல் ரீபவுண்ட்–தடுப்பு ரீபவுண்ட் பிரிவு எல்லாம் 1973–74இல் வந்தவை. பந்து இழப்பு எண்ணிக்கை 1977–78. மூன்று புள்ளி எறி 1979–80 வரை இந்த லீகில் கிடையாது. ஆகவே ஜார்ஜ் கிங்கின் அந்தப் பறிப்பு, கோப்பையை முடிவு செய்தது, எந்தக் கணக்கிலும் ‘1’ ஆக இல்லை. இன்றைய வீரர்களோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைச் செய்யலாம்: நூறு ஆட்ட வாய்ப்புக்கு இவ்வளவு என்ற கணக்கை 1954–55க்குப் போட முயலாதீர்கள். பந்து இழப்பு தெரியாமல் வாய்ப்பின் எண்ணிக்கை வராது, வரும் எண் ஊகமாகத்தான் இருக்கும். அதே வருட சராசரியோடு ஒப்பிடுவது நம்பகமானது.

எங்கள் போட்டிகளில் ஷாட் கிளாக் பட்டனை அழுத்துவது என் வேலை. சர்வதேச விதிப்படி எங்கே தவறு அதிகம் நடக்கும்?

ரீசெட்டில்தான், அதாவது கடிகாரத்தை மறுபடி தொடக்க எண்ணுக்குக் கொண்டுவருவதில். மேசையில் இரண்டு ரீசெட் இருக்கும், 24க்கு ஒன்று, 14க்கு ஒன்று. பட்டனை அழுத்தும் முன் மனதில் கேட்கவேண்டிய கேள்வி: பந்து ரிங்கை, அதாவது கூடையின் வளையத்தைத் தொட்டதா?

தொட்டுவிட்டுத் திரும்பினால், எறிந்த அணியே பிடித்தால் 14, எதிரணி பிடித்தால் 24. போர்டில் மட்டும் பட்டுத் திரும்பினாலும், யாரும் தொடாமல் காற்றில் போனாலும், தடுப்பாளர் கையால் அடித்து நிறுத்தினாலும் ரிங்கைத் தொட்டதாகாது. எறிந்த அணியே மறுபடி பிடித்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவர்கள் எறியைப் பார்த்ததும் கை தானாக அழுத்திவிடும், பிறகு எவ்வளவு விநாடி மீதி இருந்தது என்று நடுவர் முன் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் பந்து கையை விட்டதும் கடிகாரத்தில் உள்ள எண்ணை ஒருமுறை கண்ணால் பதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, எதிரணி விரல் பட்டதும் ரீசெட் செய்வது. தட்டிவிடுவது கட்டுப்பாடு அல்ல. பிடித்தால்தான் கட்டுப்பாடு. தடுப்பாளர் மேல் பட்டுப் பந்து கோட்டுக்கு வெளியே போய், பழைய அணிக்கே திரும்பக் கிடைத்தால் மீதி நேரமே தொடரும்.

தடுப்பவர் ஃபவுல் செய்து, தாக்கும் அணி எறிந்து தொடங்கும் இடம் அவர்களுடைய பின்பாதியில் (அவர்கள் காக்கும் கூடை உள்ள பாதியில்) என்றால் 24. முன்பாதியில் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்: 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடவேண்டாம், 13 அல்லது குறைவாக இருந்தால் 14 ஆக்குங்கள். வெளியிலிருந்து பந்தை எறிந்து தொடங்கும்போது, எறிபவர் கையை விட்டவுடன் அல்ல, களத்துக்குள் ஒருவர் தொட்டதும்தான் ஓடவிட வேண்டும்.

ஒலி எழும்போது பந்து காற்றில் இருந்தால் பதற வேண்டாம். கூடையில் விழுந்தால் புள்ளி உண்டு. ரிங்கைத் தொட்டால் ஆட்டம் தொடரும். இரண்டும் இல்லாவிட்டால்தான் விதிமீறல், அதுவும் எதிரணி உடனே தெளிவாகப் பந்தைப் பிடித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. கால் பகுதி முடிய மீதி இருக்கும் நேரம் ரீசெட் நேரத்தைவிடக் குறைவு என்றால் ஷாட் கிளாக்கை அணைத்துவிடுங்கள்.

மற்ற இடங்களில் இந்த விதி எப்போது வந்தது?

சர்வதேச கூட்டமைப்பு 1956இல் 30 விநாடி வைத்தது, 2000இல் 24க்கு இறங்கியது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டம் 1985–86இல்தான் 45 விநாடியோடு சேர்ந்தது, 1993–94இல் 35, 2015–16இல் 30. தாக்கும் அணி ரீபவுண்ட் பிடித்தால் 14 என்பது என்.பி.ஏ.வுக்கு 2018–19இல் வந்தது.

1954–55இல் ஆடிய எட்டு அணிகளும் இன்று இருக்கின்றனவா?

எட்டும் இருக்கின்றன, ஊர்தான் மாறியிருக்கிறது. பாஸ்டனும் நியூயார்க்கும் மட்டும் அதே ஊரில். ஹாக்ஸ் 1955இல் செயின்ட் லூயிஸுக்கும் பிறகு அட்லாண்டாவுக்கும், பிஸ்டன்ஸ் 1957இல் டெட்ராய்ட்டுக்கும், லேக்கர்ஸ் 1960இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும், பிலடெல்ஃபியா வாரியர்ஸ் 1962இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் போயின. ராச்செஸ்டர் ராயல்ஸ் 1957இல் சின்சினாட்டிக்குப் போய், சுற்றிச் சுற்றி இன்று சாக்ரமென்டோ கிங்ஸ். சிரக்யூஸ் நேஷனல்ஸ் 1963இல் பிலடெல்ஃபியாவுக்குப் போய் 76ers என்று பெயர் மாற்றிக்கொண்டது.